எடைக் குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன் உளவியலாளரை ஏன் பார்க்கச் சொல்கிறார்கள்?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். அக்காவுக்கு இரண்டு மாதத்தில் ஸ்லீவ் அறுவை சிகிச்சை, அதாவது எடை குறைய இரைப்பையைச் சிறிதாக்கும் ஆபரேஷன். அதற்கு முன் உளவியலாளரைப் பார்த்து ஒரு சான்று வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். "அவளுக்கு மனநோய் எதுவும் கிடையாது, வயிற்றில் செய்யும் ஆபரேஷனுக்கு இது எதற்கு, என்ன கேட்பார்கள், என்ன பதில் சொன்னால் தடையில்லாமல் முடியும்" என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிற போக்கில் "அப்புறம் வீட்டில் நாங்கள் ஏதாவது கவனிக்க வேண்டுமா" என்றும் ஒரு வரி இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்தக் கடைசி வரிதான் பெரிய கேள்வி. சான்று ஒரு மணி நேர வேலை. அதற்குப் பின் வரும் ஆண்டுகளைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப் போகிறேன்.

நான் அறுவை மருத்துவர் அல்ல, மருத்துவ உளவியலாளர். 14 ஆண்டுகளாக ஒரு பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை) குழுவில் அறுவை மருத்துவர், டயட்டீஷியன், நர்ஸ்கள் ஆகியோருடன் சேர்ந்து வேலை பார்க்கிறேன். உங்கள் அக்காவை நான் பார்த்ததில்லை. அவருக்கு இந்தச் சிகிச்சை பொருந்துமா என்று இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இந்தப் பாதையில் மனசுக்கு என்னென்ன நேர்கிறது என்று பார்த்ததையும் படித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

முதலில் சான்று விஷயம். 1991-லேயே அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் கூட்டிய நிபுணர் குழு, இந்த அறுவை சிகிச்சைக்கு வருபவரை அறுவை மருத்துவர் மட்டும் பார்த்தால் போதாது, மனநலமும் உணவியலும் தெரிந்தவர்கள் சேர்ந்த குழு பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. அதற்காக வருபவர்களுக்கெல்லாம் மனநோய் இருக்கிறது என்று சந்தேகப்படுவதாக நினைக்க வேண்டாம். ஆனால் 2016-ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வில், இந்த அறுவை சிகிச்சைக்காகக் காத்திருப்பவர்களில் சுமார் 19 சதவீதம் பேருக்கு மனச்சோர்வும் சுமார் 17 சதவீதம் பேருக்குக் கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் கோளாறும் இருந்தது தெரிந்தது. ஐந்தில் ஒருவருக்கு என்றால் கேட்காமல் விட முடியாது இல்லையா?

கேட்பது என்ன? எத்தனை முறை டயட் இருந்தார், ஒவ்வொரு முறையும் எங்கே விட்டுப்போனது, எப்போது பசி இல்லாமல் சாப்பிடுகிறார், தூக்கம் எப்படி, மது உண்டா, என்ன மாத்திரை எடுக்கிறார், சின்ன வயதில் என்ன நடந்தது, வீட்டில் யார் துணை, இந்த ஆபரேஷனிடமிருந்து என்ன எதிர்பார்க்கிறார். இதில் தேறுவது தோற்பது கிடையாது. கட்டுக்கடங்காத மனச்சிதைவு, தற்போதும் தொடரும் போதைப் பழக்கம், சிகிச்சை பெறாத கடும் மனச்சோர்வு, அண்மையில் நடந்த தற்கொலை முயற்சி போன்றவை இருந்தால் தள்ளிப்போடச் சொல்வோம். தள்ளிப்போடுவது என்றால் முதலில் அதைக் கவனித்துவிட்டு வாருங்கள் என்றுதான் பொருள். அப்படிப் போனவர்களில் பலர் சில மாதம் கழித்து வந்து நல்லபடியாகச் செய்துகொண்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு முதல் சந்திப்பிலேயே சம்மதம் கொடுத்துவிடுகிறோம்.

இங்கே ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த ஒரு மணி நேரப் பேச்சை வைத்து யாருக்கு எவ்வளவு எடை குறையும் என்று எங்களால் கணிக்க முடிவதில்லை. முன்னால் அள்ளிச் சாப்பிடும் கோளாறு இருந்தவர்களுக்குப் பலன் குறையும் என்று ஒரு காலத்தில் உறுதியாக நம்பினோம். ஆய்வுகள் அதில் ஒத்துப்போகவில்லை. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு "நிறுத்த முடியவில்லை" என்ற உணர்வோடு சாப்பிடுவது திரும்பி வந்தால், எடை குறைவது மந்தமாகும், திரும்ப ஏறவும் கூடும். அது ஓரளவு தெளிவாகவே தெரிந்துவிட்டது. ஆகவே முன்னால் வடிகட்டுவதைவிடப் பின்னால் கூடவே இருப்பதுதான் முக்கியம் என்பது என் தீர்மானமான கருத்து.

சரியான பதிலைத் தயார் செய்துகொண்டு போகலாமா என்கிறீர்கள். வேண்டாம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் அப்படி வந்தார். எதைக் கேட்டாலும் நறுக்கென்று பதில். இரவில் சாப்பிடுவீர்களா என்றேன், "எட்டு மணிக்கு மேல் தண்ணீர்கூட இல்லை" என்றார். ஆறு மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது எடை இறங்குவது நின்றிருந்தது. வெகுநேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: எல்லோரும் தூங்கிய பிறகு சமையலறையில் விளக்கைப் போடாமல், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து அந்த வெளிச்சத்திலேயே நின்றபடி இனிப்புப் பானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சுவாராம். வயிறு சின்னதாகிவிட்டதால் திட உணவு இறங்காது, திரவம் இறங்கிவிடும். 20 வருடமாக இருந்த பழக்கம். முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த ஆறு மாதத்தை வேறு மாதிரிப் பயன்படுத்தியிருப்போம். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பரீட்சை என்று நினைத்து வருகிறவர் வேறு எப்படிப் பதில் சொல்வார்? அந்த அச்சத்தை முதல் ஐந்து நிமிடத்தில் போக்காதது என் தவறு. அதன் பிறகு யார் வந்தாலும் "இங்கே நீங்கள் சொல்வதற்காக ஆபரேஷனை ரத்து செய்துவிட மாட்டோம், சரிப்படுத்த வேண்டியது இருந்தால் சரிப்படுத்திவிட்டுச் செய்வோம்" என்று சொல்லித்தான் தொடங்குகிறேன்.

ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய 80 சதவீதத்தை வெட்டி எடுத்துவிடுவார்கள். மிச்சம் ஒரு குழாய் மாதிரி இருக்கும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுகிறது. அதனால் வயிற்றுப் பசி உண்மையாகவே அடங்கும். ஆனால் சாப்பாடு பசியை மட்டும் தீர்த்துக்கொண்டிருக்கவில்லை. வேலையில் அவமானப்பட்டு வந்த மாலையில் அதுதான் ஆறுதல். தனிமையில் அதுதான் துணை. அறுவை சிகிச்சை அந்தத் துணையை ஒரே நாளில் பிடுங்கிக்கொள்கிறது, துயரம் மட்டும் அப்படியே இருக்கிறது. இதைத்தான் எங்கள் குழுவில் மனப்பசி என்கிறோம். 1980-களில் சான் டியாகோவில் எடைக் குறைப்புச் சிகிச்சை நடத்திவந்த மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். நன்றாக எடை குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுவிட்டார்கள். உட்கார்ந்து பேசிப் பார்த்தபோது, அவர்களில் பலர் சிறு வயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று தெரிந்தது. பருத்த உடல் அவர்களுக்கு ஒரு காப்பாக இருந்திருக்கிறது. எல்லோருக்கும் இப்படி ஒரு கதை இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் இருக்கிறவருக்கு, எடை குறையக் குறைய மற்றவர் பார்வை தன் மேல் விழத் தொடங்கும்போது மகிழ்ச்சிக்குப் பதில் பயம் வரும். அதைச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் முதல் சில வாரங்கள் திரவ உணவு, வலி, களைப்பு. "ஏன்டா இதைச் செய்துகொண்டேன்" என்று பலர் அழுவார்கள். அது பெரும்பாலும் தானே கடந்துபோகும். அதன் பிறகு ஓராண்டு, ஒன்றரை ஆண்டு தேனிலவுக் காலம். வாராவாரம் எடை இறங்கும், மூட்டுவலி குறையும், சர்க்கரை மாத்திரை குறையும், பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டுவார்கள். மனச்சோர்வும் பலருக்கு இந்தக் காலத்தில் நன்றாகவே குறைகிறது. சிக்கல் அதற்கப்புறம். எடை ஓரிடத்தில் நின்றுவிடும், கொஞ்சம் ஏறவும் செய்யும். பாராட்டு நின்றுபோகும், பழைய பசி சற்றுத் திரும்பும். மருத்துவமனைக்குப் போவதும் வருடத்துக்கு ஒரு முறை என்றாகிவிடும், அதையும் பலர் விட்டுவிடுவார்கள். ஏறிய எடையோடு போய் நிற்க வெட்கம். கை பிடிக்க ஆள் வேண்டிய நேரத்தில் ஒருவரும் இல்லாமல் போவது இப்படித்தான்.

உடல் மாறினாலும் மனசுக்குள் இருக்கும் உருவம் உடனே மாறுவதில்லை. என் அறையில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலிகள் இருக்கின்றன, கைப்பிடிக்குள் அடங்காமல் யாரும் கூச்சப்படக் கூடாது என்பதற்காக. 45 கிலோ குறைந்த ஒரு பெண் ஒரு நாள் வந்தார். உட்காருவதற்கு முன் நாற்காலியின் நடுவில் உள்ளங்கையை வைத்து இரண்டு முறை அழுத்திப் பார்த்தார். பிறகு மெதுவாக, பாதி எடையைக் காலில் தாங்கியபடியே உட்கார்ந்தார். அவர் அதைச் செய்வது அவருக்கே தெரியவில்லை. நான் சொன்னதும் தன் கையையே பார்த்தார். எப்போதோ ஒரு விழாவில், எல்லோர் முன்னாலும், அவர் உட்கார்ந்த நாற்காலி உடைந்திருக்கிறது. 45 கிலோ போன பிறகும் அந்த நாள் போகவில்லை. இதோடு, வேகமாக எடை குறையும்போது வயிறு, கை, தொடைகளில் தோல் தொங்கும். "ஆடையோடு பார்த்தால் பிடிக்கிறது, ஆடை மாற்றும்போது கண்ணாடியைப் பார்ப்பதில்லை" என்று எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். தொங்கும் தோலைப் பற்றி முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் ஏமாற்றம் பாதியாகக் குறைகிறது. உங்கள் அக்காவிடம் யாரும் சொல்லவில்லை என்றால் கேட்கச் சொல்லுங்கள்.

உறவுகளிலும் மாற்றம் வரும். ஸ்வீடனில் நடந்த நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் தனியாக இருந்தவர்களுக்குத் திருமணமோ புதிய உறவோ அமைவது, செய்துகொள்ளாதவர்களைவிட அதிகமாக இருந்தது. ஏற்கெனவே இணையோடு இருந்தவர்களில் பிரிவதும் அதிகமாக இருந்தது. ஆபரேஷன்தான் குடும்பத்தைப் பிரிக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. இத்தனை நாள் வாய் திறக்காதவர் திறக்கிறார், அவ்வளவுதான் சில வீடுகளில் நடப்பது. வேறு சில வீடுகளில், ஒன்றாகச் சாப்பிடுவதுதான் அவர்களுக்குள் இருந்த ஒரே நெருக்கம். அது போனதும் என்ன பேசுவது என்று தெரியாமல் தவிக்கிறார்கள்.

மதுவைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் குடும்பங்கள் எதிர்பார்ப்பதே இல்லை. இரைப்பை பைபாஸ் என்ற இன்னொரு வகை எடைக் குறைப்பு ஆபரேஷன் (இதய பைபாஸ் அல்ல) செய்தவர்களுக்கு ஒரே கோப்பை மது வேகமாகவும் அதிகமாகவும் ரத்தத்தில் ஏறும். ஸ்லீவிலும் அப்படி நடப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மதுப் பழக்கக் கோளாறு அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஆண்டில் 7.6 சதவீதம் பேருக்கு இருந்தது. முதல் ஆண்டில் 7.3, இரண்டாம் ஆண்டில் 9.6. இங்கும் ஏற்றம் இரண்டாம் ஆண்டில்தான் வருகிறது என்பதைக் கவனியுங்கள். முன்பு குடிக்காதவர்களும் இதில் சிக்குகிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லத் தயக்கமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் விட்டால் தவறு. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 8,815 பேரை அறுவை சிகிச்சைக்கு முன் மூன்று ஆண்டும் பின் மூன்று ஆண்டும் ஒப்பிட்டார்கள். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது பின்னால் ஒன்றரை மடங்காகியிருந்தது. பயப்படுவதற்கு முன் மறுபாதியையும் பாருங்கள். 8,815 பேரில் அப்படி வந்தவர்கள் 111 பேர். அவர்களில் பெரும்பாலோருக்கு ஏற்கெனவே மனநலப் பிரச்சினை இருந்தது. மொத்தமாகப் பார்த்தால் இந்த அறுவை சிகிச்சை ஆயுளைக் கூட்டுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் செய்யப்பட்டு 2007-ல் வந்த ஆய்வில், இரைப்பை பைபாஸ் செய்தவர்களிடையே மரணம், செய்துகொள்ளாதவர்களைவிட 40 சதவீதம் குறைந்திருந்தது. விபத்து, தற்கொலை போன்ற நோயல்லாத காரணங்களால் வந்த மரணம் மட்டும் கூடியிருந்தது. ஏன் என்பதற்கு ஹார்மோன், மது, மருந்து உறிஞ்சப்படாமை, நொறுங்கிய எதிர்பார்ப்பு என்று பல விளக்கங்கள் உண்டு, எதுவும் நிரூபணமாகவில்லை. உங்கள் அக்காவுக்கு முன்பு எப்போதாவது மனச்சோர்வோ உயிரை விடும் எண்ணமோ வந்திருந்தால், ஆபரேஷனைக் கைவிட வேண்டும் என்பதில்லை. ஆனால் அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், தொடர் கண்காணிப்பு கட்டாயம். அப்படிப் பேச்சு வாயில் வந்தாலே அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள், அடுத்த அப்பாயின்ட்மென்டுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மனசு மாதிரி தோன்றினாலும் மனசு இல்லாத சில விஷயங்கள் உண்டு. இதில் உளவியலாளர்களே ஏமாந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆபரேஷன் முடிந்த வாரங்களில் வாந்தி நிற்காமல் இருந்து, அதோடு குழப்பமாகப் பேசுவது, நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் கோளாறு வந்தால் அது தயமின் என்ற பி1 வைட்டமின் குறைபாடாக இருக்கலாம். உடலில் அதன் கையிருப்பு சில வாரங்களுக்குத்தான் வரும். "மனசு சரியில்லை, சாப்பிட மாட்டேன் என்கிறாள்" என்று வீட்டில் வைத்திருந்தால் மூளை நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துப்போய், எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்ல வேண்டும். பி12 குறைந்தாலும் சோர்வு, மறதி, எரிச்சல் வரும், அது மாதக்கணக்கில் மெதுவாக வரும். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுக்கிறவராக இருந்தால், குறிப்பாக மெதுவாகக் கரையும் வகை மாத்திரை என்றால், உடலில் சரியாக ஏறாமல் போகலாம். லித்தியம் எடுப்பவர்களுக்கு ரத்தத்தில் அளவு ஆபத்தாக ஏறவும் கூடும். இதை மனநல மருத்துவரும் அறுவை மருத்துவரும் ஆபரேஷனுக்கு முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். நானோ நீங்களோ மாற்றக் கூடாது.

ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கூடிப் பேசும் ஆதரவுக் குழு பலன் தருமா என்று கேட்பீர்கள். குழுவுக்குத் தவறாமல் வருபவர்களுக்கு எடை அதிகம் குறைவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் நன்றாக இருப்பவர்கள்தான் தவறாமல் வருகிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு உண்டு. ஏறிய எடையோடு வரத் துணிகிறவர் குறைவு. சிந்தனை-நடத்தை சிகிச்சை எனப்படும் முறைப்படியான பேச்சு சிகிச்சை, சாப்பிடும் விதத்தையும் மனநிலையையும் மேம்படுத்துகிறது. நீண்ட காலத்தில் கிலோ கணக்கில் எவ்வளவு உதவுகிறது என்பது அவ்வளவு உறுதியாக இல்லை. என் அனுபவத்தில், வழுக்கத் தொடங்கும் நேரத்தில் செய்த நான்கைந்து அமர்வுகள், ஆபரேஷனுக்கு முன் செய்த பத்து அமர்வுகளைவிட அதிகம் பிடித்துக்கொள்கின்றன. அதனால் இப்போதே மருத்துவமனையில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: 18-வது மாதத்திலும் 30-வது மாதத்திலும் யாரைப் பார்க்க வேண்டும், அவர் பெயர் என்ன? பதில் சொல்ல அவர்கள் தடுமாறினால், வெளியே ஒரு உளவியலாளரை நீங்களே இப்போது பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் என்ன கவனிக்க வேண்டும் என்றால், தட்டை மட்டும் கவனிக்காதீர்கள். "இவ்வளவுதான் சாப்பிட்டாயா", "இதைச் சாப்பிடலாமா" என்ற இரண்டு கேள்விகளும் ஒரே அளவு வலிக்கும். எடை எவ்வளவு என்று தினமும் கேட்க வேண்டாம், அவரே சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் அவர் சாப்பாட்டில் தேடிய ஆறுதலுக்கு வேறு ஏதாவது கிடைக்கிறதா என்று பாருங்கள். ஒரு நடை, ஒரு போன் பேச்சு, எதுவானாலும் சரி. இரண்டாம் ஆண்டில் அவர் அழைப்புகளை எடுக்காமல் போனால், விசேஷங்களைத் தவிர்த்தால், மருத்துவமனைக்குப் போகாமல் நாளைத் தள்ளினால், "எடை ஏறிவிட்டதா" என்று ஆரம்பிக்காமல் "நான் கூட வரட்டுமா" என்று கேளுங்கள்.

உளவியலாளரைப் பார்க்கும் நாளில் அக்கா விரும்பினால் நீங்களும் போங்கள். வீட்டில் துணைக்கு இருப்பவரைப் பார்ப்பது எங்களுக்கும் உதவும். ஆனால் முதல் அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள். தம்பி பக்கத்தில் இருக்கும்போது சொல்ல முடியாதது ஏதாவது அவரிடம் இருக்கலாம்.